பென்னருக்கு விழுந்த ரெண்டு நிமிசம்

தம்பி, உந்தத் தொப்பி எங்கை வாங்கினனீர்? இல்லையில்லை, கழட்ட வேண்டாம், குளிருக்குப் போட்டிரும். அதிலை தைச்சிருக்கிற கொக்கைப் பாத்துத்தான் கேட்டனான். அது ஹெரன்ஸ் எண்ட ஹொக்கி ரீமின்ரை கொக்கு. ஓ, பழைய உடுப்புக் கடையிலையோ? அப்ப நீர் ஹொக்கி பாக்கிற ஆள் இல்லை. நல்லதாப் போச்சு. பாக்கிற ஆக்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லத் துவங்கினால் பாதியிலை என்னோட சண்டைக்கு வருவினம்.

பஸ் இப்போதைக்கு வெளிக்கிடாது. முன்னுக்கு ரெண்டு கார் முட்டிக்கொண்டு நிக்குது, ஸ்னோ தள்ளுற வண்டியும் வரவேணும். நான் ஊரிலை பதினேழு வருசம் பஸ் கொண்டக்டராய் இருந்தனான். ஒரு பஸ் நிக்கிற நிலையைப் பாத்தாலே எனக்குத் தெரியும். இது அரை மணித்தியாலம் நிக்கும். எனக்கு ரெண்டு மணிக்கு ஒரு இடத்திலை நிக்க வேணும், அது வேறை. இரும், சொல்லுறன்.

என்ரை பேர் சிவபாதம். அந்த ரீமின்ரை முதல் சீசனிலை பெனல்டி பொக்ஸ் கதவு என்ரை பொறுப்பிலைதான் இருந்தது. அதென்ன எண்டு கேக்கிறீரோ? ஐஸ் ஹொக்கியிலை ஒருத்தன் குழப்படி செய்தால் அவனை வீட்டுக்கு அனுப்புறேல்லை. பக்கத்திலை ஒரு கண்ணாடிக் கூடு இருக்கு, அதுக்குள்ளை இருத்தி வைப்பினம். சின்னப் பிழைக்கு ரெண்டு நிமிசம், சண்டை பிடிச்சால் அஞ்சு நிமிசம். அவன் உள்ளை இருக்குமட்டும் அவன்ரை ரீம் ஒரு ஆள் குறைவாய் விளையாட வேணும். நேரம் முடிய, கதவைத் திறந்து அவனை ஐஸிலை விட வேணும். அதுக்கு ஒரு ஆள்.

அது அப்பதான் துவங்கின லீக். ஆறு ரீம், ஆளுக்கு நாப்பது மட்ச். புரொபஷனல் எண்டு நோட்டீசிலை பெரிசாய்ப் போட்டவை. என்ன புரொபஷனல்! காலமை கூரை வேலைக்குப் போறவன், பிஸ்ஸா கொண்டு திரியிறவன், பின்னேரம் வந்து பல்லை உடைச்சுக்கொண்டு போவான். அதுதான் புரொபஷனல். எங்கட அரீனாவை நடத்தினது லொரெய்ன் எண்டு ஒரு மனிசி. ரீமும் அவதான், லீக்கிலை அரைவாசியும் அவதான். நான் அங்கை நிலம் துடைக்கிற வேலையிலை இருந்தனான். முதல் மட்ச் அண்டைக்குக் கதவுக்கு வாறவன் வரேல்லை. லொரெய்ன் மூச்சு வாங்க ஓடி வந்து, "சிவா, உமக்குக் கதவு திறக்கத் தெரியுமோ?" எண்டு கேட்டா. ஆரைப் பாத்து என்ன கேள்வி கேக்கிறா பாரும்.

அண்டைக்கு முதலாவதாய் உள்ளை வந்தவன் டகன். ஆறரை அடி இருப்பான். மூக்காலை ரத்தம் வடியுது, வாயாலை தூசணம் வடியுது. வந்து தொப்பெண்டு குந்தினான். நான் அந்த நேரம் பாத்து என்ரை சாப்பாட்டுப் பையைத் திறந்து வைச்சிருந்தனான். மங்கை, என்ரை மனிசி, சுத்தித் தந்த மட்டன் ரோல்ஸ். எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம், உமக்கும் இருக்கும். நாங்கள் இருக்கிற இடத்துக்கு ஒருத்தன் வந்து குந்தினால், அவன் பொலிசோ கள்ளனோ, வாயிலை ஏதும் வைக்காமல் அனுப்பமாட்டம். நான் ஒண்டை எடுத்து நீட்டினன்.

டகன் அதை வாங்கி மணந்து பாத்தான். பல்லுக்குப் போடுற ரப்பரைக் கழட்டிக் கையுறைக்குள்ளை வைச்சான். ரெண்டு கடி, ஆள் முடிச்சுப்போட்டான். பிறகு என்னைப் பாத்து, "இன்னும் எத்தினை நிமிசம் இருக்கு?" எண்டு கேட்டான்.

"நாலு" எண்டன்.

"இன்னும் எத்தினை ரோல்ஸ் இருக்கு?" எண்டான்.

அப்பிடித்தான் துவங்கினது. பிறகு மங்கை ஒவ்வொரு மட்சுக்கும் இருவது சுத்தத் துவங்கினா. நான் ஒரு ஒழுங்கு வைச்சிருந்தனான், ஒழுங்கில்லாமல் நான் ஒண்டும் செய்யமாட்டன். ரெண்டு நிமிசக்காரனுக்கு ஒண்டு. அஞ்சு நிமிசக்காரனுக்கு ரெண்டும், பிளாஸ்கிலை இருந்து ஒரு வாய் பிளேன்ரீயும். மற்றப் பக்கக் கூட்டிலை இருக்கிற எதிரி ரீம் பெடியள் கண்ணாடியிலை மூக்கை முட்டிக்கொண்டு பாப்பாங்கள். பாவம் எல்லோ. நடுவிலை நேரம் பாக்கிற கிழவன் ஒருத்தன் இருப்பான், அவன்ரை கையிலை ரெண்டு குடுத்து விடுவன். அதிலை ஒண்டுதான் அங்காலை போய்ச் சேரும்.

கிறிஸ்மஸ் வரேக்கை லீக்கிலையே கூடப் பெனல்டி எடுத்த ரீம் எங்கட ரீம். கோச் தலையிலை கையை வைச்சுக்கொண்டு திரிஞ்சான். என்னட்டைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன், பெடியளுக்கு வீரம் கூடிப்போச்சு எண்டு. லொரெய்ன் ஒருக்கா வந்து, "சிவா, உந்தச் சாப்பாட்டாலைதான் எண்டு சிலபேர் சொல்லினம்" எண்டா. சாப்பாட்டுக்கும் பெனல்டிக்கும் என்ன சம்பந்தம்? நீரே சொல்லும். டகன் மட்ச் துவங்கின உடனை ஆரோடையும் சொறியமாட்டான். நான் பையைத் திறந்து கண்ணாடிக்குப் பக்கத்திலை வைச்ச பிறகுதான் அவனுக்குக் கோவம் வரும். அது அவன்ரை சுபாவம், நான் என்ன செய்யிறது?

எல்லாரும் வந்தாங்கள். ஒருத்தன் மட்டும் வரேல்லை.

பென்னர். பத்தொன்பதாம் நம்பர். மனிற்றோபா மாகாணத்திலை கோதுமைத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெடியன். மெல்லிசு, ஆனால் ஐஸிலை இறங்கினால் வழுக்கிக்கொண்டு போற வடிவைப் பாக்க வேணும். அவனை ஆரும் இடிச்சு விழுத்தினால் விழுந்த இடத்திலை இருந்துகொண்டு "மன்னிக்கோணும்" எண்டு இவன் சொல்லுவான். என்னைக் கண்டால் "சேர்" எண்டு கூப்பிடுவான். நிலம் துடைக்கிறவனை சேர் எண்டு கூப்பிட்ட ஒரே ஆள். எல்லாம் சரி. ஒக்டோபர் போச்சு, நவம்பர் போச்சு, தை போச்சு, என்ரை பொக்ஸுக்கு ஒரு நாள் வந்தவனோ? இல்லை. ஒரு சின்னப் பிழை கூடச் செய்யேல்லை.

இதிலைதான் மங்கை வாறா. ரீமின்ரை படம் ஒண்டு எங்கட பிரிஜ்ஜிலை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மட்சுக்குப் பிறகும் அவ கேப்பா, ஆர் சாப்பிட்டது, ஆர் என்ன சொன்னது எண்டு. ஒரு நாள் படத்திலை விரலை வைச்சு, "இந்தச் சிரிச்ச முகத்துப் பெடியன் சாப்பிட்டவனோ?" எண்டா. அவ இடுப்பு நோவோட, அந்த நாரிப்பிடிப்போட நிண்டு இருவது ரோல்ஸ் சுத்தியிருக்கிறா. "இல்லை, அவன் வாறேல்லை" எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

"சாப்பிட்டவன். இன்னொண்டு கேட்டு வாங்கினவன்" எண்டன்.

அவவின்ரை முகத்தைப் பாத்திருக்க வேணும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவனைத்தான் கேப்பா. நானும் ஒவ்வொரு நாளும் ஒண்டு சொல்லுவன். சொல்லச் சொல்லக் கதை வடிவாய் வந்தது. ஒரு நாள் ஆர்வத்திலை, "உறைப்புக் காணாது எண்டவன்" எண்டு சொல்லிப்போட்டன். அவ அடுத்த நாள் மிளகை அள்ளிக் கொட்டினா. டகன் பொக்ஸுக்குள்ளை அழுதுகொண்டு சாப்பிட்டான். ஆனாலும் வாறதை நிப்பாட்டேல்லை.

மாசிக் கடைசியிலை லீக், சீசன் முடியக் குடுக்கப்போற விருதுகளை அறிவிச்சுது. நாலு கோப்பை. கூடக் கோல் அடிச்சவனுக்கு ஒண்டு, கோல் காக்கிற நல்ல கோலிக்கு ஒண்டு, புதுசாய் வந்தவனுக்கு ஒண்டு, நாலாவது கண்ணியமான ஆட்டக்காரனுக்கு. பெனல்டி நிமிசம் ஆருக்கு ஆகக் குறைவோ அவனுக்கு அது. சந்தேகமே இல்லை, பென்னருக்குத்தான். பூச்சியத்துக்குக் கீழை ஒருத்தராலும் போக ஏலாது.

ஒரு நாள் நான் உடுப்பு மாத்திற அறையைத் துடைக்கேக்கை அவனே சொன்னவன். மேல் லீக்கிலை ஒரு ரீம் அவனைக் கண் வைச்சிருக்காம். அவங்களிட்டை அடிக்கிறதுக்கு ஆள் தாராளமாய் இருக்கு, ஒரு பெனல்டியும் எடுக்காமல் விளையாடத் தெரிஞ்ச ஒருத்தன்தான் வேணுமாம். இந்தக் கோப்பையோட வா, அடுத்த சீசன் இடம் தாறம் எண்டு சொல்லியிருக்கினமாம். "சின்ன வயசிலை இருந்து இதுக்குத்தான் சேர்" எண்டான். நல்லது மோனை எண்டன். வாயாலை சொன்னன், ஆனால் உள்ளுக்குள்ளை எனக்கு எரிச்சல். இவ்வளவு மட்ச், ஒரு மனிசன் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறான், ஒருக்காலும் எட்டிப் பாக்கேல்லை. அவனுக்குக் கண்ணியத்துக்குக் கோப்பையாம்.

கடைசி மட்சுக்கு முதல் நாள் மங்கை சொன்னா, "இஞ்சருங்கோ, நாளைக்கு நானும் வாறன். அந்தப் பெடியன் சாப்பிடுறதை ஒருக்கா என்ரை கண்ணாலை பாக்க வேணும்." குளிர் எண்டன், நாரி நோகும் எண்டன், ரிக்கற் முடிஞ்சுது எண்டன். அவ ஒண்டும் கேக்கேல்லை. அவனுக்கெண்டு தனிப் பெட்டியிலை நாலு ரோல்ஸ், தனி மிளகு.

அடுத்த நாள் மட்ச் துவங்க முந்திப் பென்னரைத் தேடிப் போனன். சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு இருந்தான்.

"பென்னர், எனக்கு ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்கோ சேர்."

"என்ரை மனிசி வந்திருக்கிறா. நீர் இண்டைக்கு ஒருக்கா உள்ளை வந்து ரெண்டு நிமிசம் இருந்திட்டுப் போனால் போதும்."

அவன் கயிறை விட்டுப்போட்டு என்னை நிமிந்து பாத்தான். "பெனல்டி எடுக்கச் சொல்லுறீங்களோ சேர்?"

"ஆரையும் நோகப்பண்ண வேண்டாம். சின்னதாய் ஒண்டு."

"இண்டைக்கும் எடுக்காட்டி அந்தக் கோப்பை..."

"அவ அழுவா" எண்டன். அது பொய். அழ வேண்டி வாறது எனக்குத்தான். ஆனால் அவன்ரை முகம் மாறிப்போச்சு. குனிஞ்சு கயிறை இறுக்கிக் கட்டினான். பிறகு, "எங்கை இருப்பா?" எண்டு மட்டும் கேட்டான்.

மங்கை எனக்குப் பின்பக்கம், கண்ணாடிக்கு அங்காலை முதல் வரிசையிலை இருந்தா. சீலைக்கு மேலை பெரிய கோட்டு, மடியிலை பெட்டி. மட்ச் ரெண்டுக்கு ரெண்டு. முடிய ஏழு நிமிசம் இருக்கேக்கை பென்னர் எதிரி ஒருத்தன்ரை சட்டையைப் பின்னாலை ரெண்டு விரலாலை பிடிச்சான். பூப் பிடுங்கிறமாதிரி. பிடிபட்டவனுக்கே விளங்கேல்லை. றெஃபரி கண்டும் ஊதாமல் நிண்டான். பென்னர் விடாமல் பிடிச்சுக்கொண்டு றெஃபரியையே பாத்தான். கடைசியிலை அவன் அரை மனசோட விசிலை ஊதினான்.

ஒலிபெருக்கியிலை சொன்னாங்கள், "பென்னர், ரெண்டு நிமிசம். இந்தச் சீசனிலை பென்னருக்கு இதுதான் முதல் பெனல்டி." அரீனா முழுக்க "ஓ" எண்டு ஒரு சத்தம். டகன் வாயைத் திறந்தபடி நிண்டான். நான் கதவைத் திறந்து, "வாரும், வாரும், இரும்" எண்டன். பொய் சொல்லக் கூடாது தம்பி, அண்டைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

மங்கை பெட்டியைக் கண்ணாடிக்கு மேலாலை தந்தா. அவன் கையுறை ரெண்டையும் கழட்டி வைச்சுப்போட்டு, ரெண்டு கையாலையும் வாங்கினான். ஒரு கடி கடிச்சான். மிளகு ஏறிச்சுது. முகம் சிவந்து கண்ணாலை தண்ணி ஓடுது, ஆனால் மனிசன் நிப்பாட்டேல்லை. திரும்பி மங்கையைப் பாத்துச் சிரிச்சான். முதலாவது முடிஞ்சுது. ரெண்டாவதை எடுத்தான். பாதி சாப்பிடேக்கை நேரம் முடிஞ்சுது. அவன் எழும்பினான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தனை அரை வயித்தோட எழும்ப விடலாமோ? "முடிச்சிட்டுப் போம்" எண்டு கதவைப் பிடிச்சன். பதினொரு செக்கன், கூட இல்லை. அந்தப் பதினொரு செக்கனுக்குள்ளை அவங்கள் ஒரு கோல் போட்டிட்டாங்கள். அதாலை மட்சும் போச்சு. அது கோலியின்ரை பிழை. நான் கோலி இல்லையே.

வாற வழியிலை பஸ்ஸிலை மங்கை கோட்டைக் கழுத்துமட்டும் இழுத்து மூடிக்கொண்டு வெளியிலை பாத்தபடி வந்தா. நான் குளிர் எண்டு நினைச்சன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரீனா மேல்மாடியிலை விருது குடுத்தவை. எங்களையும் கூப்பிட்டவை. முதல் மூண்டு கோப்பையும் போச்சுது. நாலாவதுக்கு லொரெய்ன் எழும்பினா. கையிலை இருந்த கடுதாசியை ரெண்டு தரம் திருப்பிப் பாத்தா. விருது ஆருக்கு எண்டு நினைக்கிறீர்? நோர்மன் எண்டு ஒருத்தன். வேறை ரீமின்ரை ரெண்டாவது கோலி. நாப்பது மட்சும் ஓரத்து வாங்கிலை குந்தியிருந்து பொப்கோர்ன் சாப்பிட்டவன். ஐஸிலை கால் வைக்கேல்லை, அதாலை பெனல்டி பூச்சியம். புது லீக்தானே, விளையாடியிருக்க வேணும் எண்டு விதியிலை எழுத மறந்திட்டினம். பென்னருக்கு ரெண்டு நிமிசம், அவன் ரெண்டாமிடம். நோர்மனுக்கே வெக்கமாய்ப் போச்சு, கோப்பையை மேசைக்குக் கீழை வைச்சுக்கொண்டு இருந்தான். இப்பிடி ஒரு அநியாயத்தை நீர் எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறீரோ? நான் எழும்பிக் கத்தியிருப்பன். மங்கை கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா.

பிறகு அவ எழும்பி நேரை பென்னரிட்டைப் போனா. நானும் பின்னாலை போனன். அவவுக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ், கோப்பிக் கடையிலை பன்னிரண்டு வருசம் நிண்டவ.

"தம்பி, சீசன் முழுக்க என்ரை ரோல்ஸ் சாப்பிட்டனீரோ?" எண்டு கேட்டா.

அவன் அவவைப் பாத்தான். பிறகு என்னைப் பாத்தான். ஒரு செக்கன்தான். விளங்கீட்டுது அவனுக்கு.

"ஒவ்வொரு மட்சும், அம்மா" எண்டான். "இன்னொண்டு கேட்டு வாங்கித்தான் சாப்பிடுவன்."

மங்கை அவன்ரை கையைப் பிடிச்சுத் தடவினா. பிறகு என்னட்டைத் திரும்பித் தமிழிலை சொன்னா, "ஒலிபெருக்கியிலை சொன்னது எனக்கும் கேட்டது. ஒரு சீசன் முழுக்க ஒரு பிழை செய்யாத பெடியனை ரெண்டு பிழை செய்ய வைச்சிட்டியள். ஒண்டு ஐஸிலை, மற்றது இஞ்சை."

வெக்கமாய் இருந்தது தம்பி. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அண்டைக்கு எனக்கு அந்தத் தரைக்குள்ளை போகலாம் போலை இருந்தது.

மேல் லீக்காரன் கோப்பை எடுத்தவனைத்தான் கூப்பிட்டான். ஓம், நோர்மனை. பென்னர் தகப்பன்ரை தோட்டத்துக்குத் திரும்பிப் போயிட்டான், இப்ப தானிய லொறி ஓட்டுறான். இந்தச் சீசன் கதவுக்கு வேறை ஆள். எங்கட ரீமின்ரை பெனல்டி பாதியாய்க் குறைஞ்சிட்டுதாம். பாத்தீரோ, நான் இல்லாமல் பெடியளுக்கு உசாரே இல்லாமல் போச்சு. நோர்மனை மேல் லீக்காரன் மூண்டு மட்சிலை வீட்டை அனுப்பிப்போட்டான், கோல் எல்லாம் உள்ளை விட்டிட்டானாம். திரும்ப ஆள் தேடுறாங்கள். பென்னர்ரை கணக்குப் பூச்சியமாய் இருந்தால் அவனைத்தான் கூப்பிடுவாங்கள், அதுதான் நான் விடுறேல்லை.

இண்டைக்கு ரெண்டு மணிக்கு, அரீனாவுக்குள்ளை இருக்கிற லீக் ஒபிசிலை முதல் சீசன் பதிவுப் புத்தகத்தை அச்சுக்குக் குடுக்கினம். அச்சடிச்சால் பிறகு மாத்த ஏலாது. நான் முந்தியே ரெண்டு தரம் போய்க் கேட்டன். பென்னர்ரை பேரிலை இருக்கிற ரெண்டு நிமிசத்தை எடுத்து என்ரை பேரிலை போடுங்கோ எண்டன். லொரெய்ன் சிரிச்சா. "சிவா, சட்டையைப் பிடிச்சது பென்னர்" எண்டா. நான் சொன்னன், "உங்கட ஆட்டத்திலையே இருக்கு. கோலி பிழை செய்தால் கோலி பொக்ஸுக்கு வாறேல்லை, வேறை ஒருத்தன் வந்து அவனுக்காக இருப்பான். நானே எத்தினை பேருக்குக் கதவு திறந்திருப்பன்." அவ சொன்னா, "இருக்கிறது வேறை ஆள், பேர் கோலியின்ரைதான்." "அப்ப அது உங்கட சட்டத்தின்ரை பிழை" எண்டன். அண்டைக்கு அவ பிறகு சிரிக்கேல்லை.

பஸ் இன்னும் அசையக் காணேல்லை. நான் இறங்கி நடக்கப் போறன், நாலு நிறுத்தம்தான். போய் அந்தப் பொக்ஸுக்குள்ளை குந்தப் போறன். கதவைப் பூட்டட்டும், மணிக்கூட்டை ஓட விடட்டும். ரெண்டு நிமிசமும் பதினொரு செக்கனும் சிவபாதம் எண்டு எழுதச் சொல்லுவன். பதினொரு செக்கன் ஏனெண்டால், கோலியிலை பிழை இல்லை தம்பி. கதவைப் பிடிச்சது நான்.